நுங்கெடுத்த பனங்காய் போல ஏன் இருக்கிறது இரும்பு விண்கல்?

நுங்கைத் தோண்டி எடுத்த பிறகு பனங்காய் எப்படி இருக்கும்? பக்கத்துப் பக்கத்தில் வழவழப்பான குழிகள், இடையில் மழுங்கிய வரப்பு. நல்ல இரும்பு விண்கல் ஒன்றைக் கையில் எடுத்தால் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான். மூன்று குழிக்குப் பதில் முப்பது இருக்கும். இந்தக் குழிகளுக்கு ரெக்மாகிளிப்ட் என்று பெயர். வாய் நுழையாத கிரேக்கப் பெயர் என்பதால், விற்பவரும் வாங்குபவரும் 'கட்டைவிரல் தடம்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்தத் தடங்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி, 'காற்றோடு உராய்ந்து உருகியதால் குழி விழுந்தது' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியில் இரண்டு பிழைகள். உராய்வு இதில் சிறு பங்குதான். அதைவிட முக்கியமாக, இரும்பு விண்கல்லில் தெரியும் எல்லாக் குழியும் வானத்தில் விழுந்ததல்ல. வானம் எழுதியது எது, உடைவு எழுதியது எது, தரை எழுதியது எது, மண் அரித்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், மழைநீர் தோண்டிய பள்ளத்தைத் தீக்கோளத்தின் தடம் என்று நம்பி விலை கொடுக்க நேரும்.

இதைப் பார்க்க சிக்கோட்டே-அலின் விண்கல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1947 பிப்ரவரி 12, காலை பத்தரை மணிவாக்கில், சோவியத் ஒன்றியத்தின் தூரக் கிழக்கில், சிக்கோட்டே-அலின் மலைக்காடுகளில் விழுந்தது. நல்ல வெயிலிலேயே நிழல் விழும் அளவுக்குத் தீக்கோளம் ஒளிர்ந்தது. இமான் என்ற சிறு நகரில் அந்நேரம் ஓவியம் வரைந்துகொண்டிருந்த மெத்வேதெவ் என்பவர் கண்ட காட்சியை அப்படியே வரைந்துவைத்தார். பத்தாண்டு கழித்து, 1957-இல், அது தபால் தலையானது. வானில் நின்ற புகைத்தடம் கலையப் பல மணி நேரம் பிடித்தது. இதுவரை 20 டன்னுக்கு மேல் இரும்பு பொறுக்கியிருக்கிறார்கள். தனிக்கல்லில் மிகப் பெரியது 1,745 கிலோ. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்களில் பெரியதன் குறுக்களவு 26 மீட்டர். விழுந்த நாள் தெரியும், வந்த திசை தெரியும், விரைவிலேயே ஆய்வாளர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் துரு குறுக்கிடும் முன் மேற்பரப்பு எப்படி இருந்தது என்பதும் தெரியும். இரும்பு விண்கற்களில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம். கையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை, விழுந்து பல நூறு அல்லது பல்லாயிரம் ஆண்டுகள் கழித்துக் கிடைத்தவை.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? சிக்கோட்டே-அலின் நுழைந்த வேகம் நொடிக்கு 14.5 கி.மீ. அளவில் இருந்தது. அந்த வேகத்தில் ஒரு கிலோ இரும்பின் இயக்க ஆற்றல் சுமார் 105 மெகாஜூல். அதே ஒரு கிலோவை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கித் திரவமாக்க 1.3 மெகாஜூல் போதும். எண்பது மடங்கு ஆற்றல் கையில் இருந்தும் கல் முழுக்க உருகிப்போகாமல் தரைக்கு வருகிறது என்றால், ஆற்றலின் பெரும்பங்கு கல்லுக்குள் போகவேயில்லை என்று அர்த்தம். முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரமில்லை. அது நசுங்கி, கல்லுக்குச் சற்று முன்னே அதிர்ச்சி அலையாக நின்று, பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுமே, அதே கதைதான், அளவுதான் வேறு. அந்தச் சூட்டில் பெரும்பகுதி ஓடும் காற்றோடு பின்னால் போய்விடுகிறது. ஒளிக்கதிராகவும் வெப்பக் கடத்தலாகவும் கல்லைத் தொடுவது சிறு பங்கு. அந்தச் சிறு பங்கே கல்லைப் பாதியாக்கப் போதும்.

எவ்வளவு தேயும் என்பதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கிறது. மிஞ்சும் எடையின் விகிதம், தேய்வுக் கெழுவில் (கல் எவ்வளவு எளிதில் தேயும் என்பதைக் காட்டும் எண்) பாதியை வேகங்களின் வர்க்க வேறுபாட்டால் பெருக்கி, அதை எதிர்க்குறியோடு e என்ற எண்ணுக்கு (சுமார் 2.718) அடுக்காகப் போட்டால் வரும். கெழு ஒவ்வொரு கல்லுக்கும் மாறும்; 0.02 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம் (அலகு, நொடி வர்க்கம் வகுத்தல் கி.மீ. வர்க்கம்). நொடிக்கு 14.5 கி.மீ. வேகத்தில் நுழைந்து, 3 கி.மீ. வேகத்துக்கு வரும்போது தேய்வு நின்றால், மிஞ்சுவது 13 சதவீத எடை. குறுக்களவில் சொன்னால் பாதி. 20 கி.மீ. வேகத்தில் நுழைந்திருந்தால் 2 சதவீதம்தான் மிஞ்சும். 30 கி.மீ. வேகம் என்றால் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, அதாவது தூசி. அருங்காட்சியகங்களில் இருக்கும் இரும்புகளில் பெரும்பாலானவை மெதுவாக நுழைந்தவையாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 20 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை 10 செ.மீ. ஆகிறது என்றால், ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. தோல் உரிகிறது. அதுவும் ஒருசில நொடிகளில். அப்படியானால் இப்போது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு, பயணத்தின் தொடக்கத்தில் கல்லின் உள்ளே இருந்தது. விண்வெளியில் அந்தக் கல்லுக்கு இருந்த மேற்பரப்பில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. நாம் பார்ப்பது கடைசி ஓரிரு நொடிகளின் வேலையை மட்டும்.

இனி குழிக்கு வருவோம். 'உள்ளே இருந்த ட்ரொய்லைட் உருண்டைகள் முதலில் உருகி வெளியேறியதால் குழி விழுந்தது' என்பது பழைய விளக்கம். ட்ரொய்லைட் என்பது இரும்பு சல்ஃபைடு. இரும்போடு சேர்ந்திருக்கும்போது 988 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். நிக்கல் கலந்த இரும்புக்கோ 1,500 டிகிரி அளவு வேண்டும். எனவே ட்ரொய்லைட் முந்திக்கொண்டு வெளியேறுவது உண்மைதான். அதனால் விழும் துளைகளும் உண்டு. ஆனால் அவை தனித்தனியாக, செங்குத்தான சுவரோடு, சில சமயம் உருளையாகத் துளைத்ததுபோல இருக்கும். கல் முழுவதும் ஒரே அளவில், வரப்பைப் பகிர்ந்துகொண்டு, தேன்கூடு மாதிரி அடுத்தடுத்து இருக்காது. அதோடு, ட்ரொய்லைட் உருண்டையே இல்லாத கல் வகை விண்கற்களிலும் இதே கட்டைவிரல் தடம் வருகிறது. ஆகவே உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியே ஓடும் காற்றைத்தான் கேட்க வேண்டும்.

உருகும் பரப்பில் சிறு பள்ளம் ஒன்று தற்செயலாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓடும் வாயு அதன் முன்விளிம்பில் பரப்பை விட்டு விலகி, பள்ளத்துக்குள் சுழன்று, பின்சுவரில் திரும்ப மோதுகிறது. மோதும் இடத்தில் வெப்பம் அதிகம். சுவர் பின்வாங்குகிறது, பள்ளம் அகலமாகிறது. அப்படியே ஆழமாகிக்கொண்டே போகாதா? போகாது. ஒரு அளவுக்கு மேல் ஆழமானால் அடியில் வாயு தேங்கி, அது மறைவான இடமாகிவிடும். மாறாக வரப்புகள் காற்றில் துருத்திக்கொண்டு நிற்பதால் அவை வேகமாகத் தேயும். ஆழம் கூடுவதும் வரப்பு குறைவதும் ஒரு இடத்தில் சமன்படுகிறது. அதனால்தான் உண்மையான ரெக்மாகிளிப்ட் எப்போதும் ஆழத்தைவிட அகலம் அதிகமாக, கிண்ணம் போல இருக்கும். வாய் குறுகி உள்ளே அகன்ற குழி ஒருபோதும் வராது. சுண்ணாம்புக்கல் குகைச் சுவர்களில் ஓடும் நீர் செதுக்கும் சிப்பி வடிவக் குழிகளும் இதே வகை ஏற்பாடுதான். 1960-களிலும் 70-களிலும் மீயொலி வேகக் காற்றுச் சுரங்கங்களில் மரம், பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துத் தேய்த்துப் பார்த்தபோது, கொந்தளிப்பான காற்றோட்டம் இருந்த பகுதிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்கான பள்ளக் கோலம் விழுந்தது. ஏவுகணை முனைகளுக்காகச் செய்த சோதனை அது. விண்கல்லின் குழிகளும் அதற்குச் சொந்தம்தான்.

அளவுக்கு ஒரு தோராய விதி உண்டு. குழியின் அகலம் கல்லின் குறுக்களவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 10 செ.மீ. கல்லில் 1 செ.மீ. குழி, ஒரு மீட்டர் கல்லில் ஒரு சாண் கொள்ளாத குழி. கல் பெரிதானால் அதன் மேல் ஓடும் காற்றுப் படலமும் தடிக்கும், சுழலும் பெரிதாகும் என்பதே காரணம். இந்த விதி மிகவும் பயன்படும். உள்ளங்கை அளவுத் துண்டில் 4 செ.மீ. அகலக் குழி இருந்தால் மூன்று வழிதான்: அது பெரிய கல்லொன்றிலிருந்து கடைசி நேரத்தில் பிளந்த துண்டு, அல்லது ட்ரொய்லைட் போன இடம், அல்லது மண் அரித்தது. பல நேரம் மூன்றாவதே விடையாக இருக்கும்.

குழிகள் எங்கே எப்படி இருக்கின்றன என்பதும் பேசும். உருண்டு புரண்டு வந்த கல்லில் எல்லா முகத்திலும் குழிகள் ஒரே மாதிரி இருக்கும். சிக்கோட்டே-அலின் முழுக்கற்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒரே முகத்தை முன்வைத்துப் பறந்த கல்லோ கூம்பாகவோ கேடயமாகவோ மாறிவிடும். முன் நுனி பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். அதிலிருந்து விலகப் பக்கவாட்டில் குழிகள் நீண்டு, ஆரங்களைப் போல விளிம்பை நோக்கி ஓடும். உருகிய உலோகம் மயிர்க்கோடுகளாக (வழிகோடுகள்) வழிந்து, விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் மடிந்து உறையும். இந்த மடிந்த உதட்டை நகத்தால் தடவியே உணரலாம். பின்முகம் தட்டையாக, குழிகள் அகன்று ஆழமற்று, தெறித்த துளிகள் ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும். 1886 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் விழுந்த கேபின் கிரீக் இரும்பு, சுமார் 48 கிலோ, இதற்குப் பாடநூல் மாதிரி. இப்போது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கல் ஏன் ஒரே முகமாக நிற்கிறது என்ற கேள்விக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு அழகான சோதனை செய்து 2019-இல் வெளியிட்டார்கள். களிமண் உருண்டையை ஓடும் தண்ணீரில் நிறுத்தினால் அது கூம்பாகத் தேய்கிறது. பிறகு பல கோணக் கூம்புகளைத் தண்ணீரில் விழவிட்டுப் பார்த்தார்கள். கூரான கூம்பு கவிழ்ந்துவிடுகிறது. தட்டையானது காய்ந்த இலை போல ஆடி ஆடி இறங்குகிறது. நடுத்தரமானது மட்டும் நேராக இறங்குகிறது. தேய்வு அந்த நடுத்தரக் கோணத்தைத் தருகிறது, அந்தக் கோணம் கல்லை நிலையாக நிறுத்துகிறது, நிலையாக நின்றால் அதே கோணம் நீடிக்கிறது. தண்ணீரில் நடந்தது மீயொலி வேகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் திசை சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது உடைவு. 20 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.09 கிலோதான். ஆனாலும் நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில் முன்முகத்தின் மேல் விழும் அழுத்தம் 15 மெகாபாஸ்கல், அதாவது 150 வளிமண்டல அழுத்தம். ஆய்வகத்தில் சோதிக்கும் குறையில்லாத விண்கல் இரும்பு இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். பிறகு ஏன் உடைகிறது? சிக்கோட்டே-அலினைப் பொறுத்தவரை விடை அதன் உடம்பிலேயே இருக்கிறது. அது ஐஐஏபி என்ற வேதிக் குழுவைச் சேர்ந்தது, நிக்கல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, காமசைட் என்ற நிக்கல் குறைந்த இரும்புப் படிகங்கள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்தவை. படிகங்களின் எல்லையில் ஷ்ரைபர்சைட் என்ற நொறுங்கும் பாஸ்பைடு படிந்திருக்கிறது. செங்கல் எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, காரை மோசம் என்றால் சுவர் நிற்காது. கல் படிக எல்லைகளின் வழியே பிளந்தது; உயரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 6 கி.மீ. உயரம்வரை பலமுறை.

பலமுறை உடைந்ததால் ஒரே கல்லில் வெவ்வேறு வயதுள்ள முகங்கள் இருக்கின்றன. முதலில் உடைந்த முகத்துக்குத் தேய நேரம் கிடைத்தது. அதில் குழிகள் முழுமையாக, வரப்புகள் மழுங்கி இருக்கும். பிறகு உடைந்த முகத்தில் குழிகள் சிறிதாக, ஆழமின்றி, அரைகுறையாக இருக்கும். கடைசியில் உடைந்ததில் குழியே இருக்காது. படிகத்தின் தட்டையான பிளவு அப்படியே தெரியும், மேலே மெல்லிய கரும்பூச்சு மட்டும். ஒரு கல்லில் இந்த மூன்றையும் அடையாளம் கண்டால் உடைந்த வரிசையைச் சொல்லிவிடலாம். குழி நிறைந்த 'அழகான' கல்லைவிட இப்படிப்பட்ட கலப்புக் கல்லில்தான் செய்தி அதிகம். சந்தையிலோ விலை தலைகீழ்.

மிகத் தாழ்வாக உடைந்தவையும், பாறையில் வேகமாக மோதிச் சிதறியவையும் வேறு இனம். சேகரிப்பாளர்கள் இவற்றை ஷ்ராப்னல் என்கிறார்கள், குண்டுச் சிதறல் போல இருப்பதால். கிழிந்த ஓரம், முறுக்கு, வளைந்த நாக்கு, கத்தி போன்ற முனை. மரங்களில் போய்ச் செருகிக்கொண்ட துண்டுகளும் உண்டு. இவற்றில் ரெக்மாகிளிப்ட் தேடக் கூடாது. ஒரு பக்கத்தில் குழி எஞ்சியிருந்தால் அது பெரிய கல்லின் பழைய தோலில் ஒரு கீற்று.

தரை எழுதுவது இன்னொன்றும் உண்டு. 2020 நவம்பர் 7 அன்று ஸ்வீடனில் உப்சாலாவுக்கு அருகே ஒரு தீக்கோளம் தெரிந்தது. பிறகு அந்தப் பாதையைக் கணக்கிட்டுத் தேடி ஓடலன் என்ற இடத்தில் சுமார் 14 கிலோ இரும்பைக் கண்டெடுத்தார்கள். குழிகள் நன்றாக இருந்தன, ஆனால் ஒரு பக்கம் சப்பையாகி வெடித்திருந்தது. பாறையில் மோதித் துள்ளி அப்பால் போய் விழுந்திருந்தது. இந்த எடையுள்ள கல் காற்றில் வேகத்தை முழுக்க இழந்து, வெறும் புவியீர்ப்பில்தான் விழும். ஒரு கிலோ இரும்பு நொடிக்கு 70 முதல் 100 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 14 கிலோ அதைவிட ஒன்றரை மடங்கு. உலோகம் நசுங்க அது போதும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் கல் சூடாக இருக்குமா? 'செக்கச் சிவக்க விழுந்தது, புல் எரிந்தது' என்று எல்லா நாட்டிலும் கதை உண்டு. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. வெப்பம் இரும்புக்குள் பரவும் வேகத்தை நொடிக்கு 6 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். மேற்பரப்பு நொடிக்கு 5 முதல் 10 மி.மீ. வேகத்தில் பின்வாங்குகிறது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது 0.6 முதல் 1.2 மி.மீ. இதுதான் சூட்டுத் தோலின் தடிமனுக்கு அளவுகோல். உள்ளே பரவ நினைக்கும் சூட்டை உருகி ஓடும் உலோகம் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தேய்வு மெதுவாகும் கடைசி நொடியில் இந்தத் தோல் சில மில்லிமீட்டராகத் தடிக்கலாம், அவ்வளவே. அதற்குக் கீழே விண்வெளியின் குளிர் அப்படியே இருக்கும்.

இந்தச் சூட்டுத் தோலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளித்தோற்றம் ஏமாற்றும்போது கைகொடுப்பது இதுதான். மேலிருந்து கீழே பார்த்தால், முதலில் எரிதோல். நீலம் கலந்த கறுப்பு, பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிப்பக்கம் மாக்னடைட்டும் வுஸ்டைட்டும் கலந்த ஆக்சைடு. அதன் கீழே உருகி உறைந்த உலோகம், மெல்லிய அடுக்கடுக்காக. அடுத்து, உருகாமல் மாறிப்போன பகுதி. காமசைட் 750 டிகிரிக்கு மேல் சூடேறினால் வேறு படிக அமைப்புக்கு மாறும்; சட்டென்று குளிரும்போது ஒழுங்காகத் திரும்ப முடியாமல் ரம்பப்பல் ஓரமுள்ள குறுமணிகளாக உறையும். இதற்கு ஆல்ஃபா-2 என்று பெயர். விண்வெளி மோதல்களில் காமசைட்டுக்குள் விழுந்த நேர்கோடுகள் உண்டு, நாய்மன் கோடுகள் என்பார்கள். அவை இந்தப் பகுதியின் எல்லைக்கு வந்ததும் அழித்தாற்போல நின்றுவிடும். இதே பகுதியின் வெளிப்பாதியில், 1,000 டிகிரி தாண்டிய இடத்தில், ஷ்ரைபர்சைட் உருகி உறைந்திருக்கும். ஆக, கல்லுக்குள் இரண்டு வெப்பமானிகள்: ஒன்று 1,000 டிகிரிக் கோடு, மற்றது 750 டிகிரிக் கோடு. இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால், மில்லிமீட்டருக்கு 250 டிகிரி சரிவு. வளிமண்டல நுழைவு இப்படிச் செங்குத்தான சரிவைத் தரும். கொல்லன் உலையோ கேஸ் டார்ச்சோ தராது. உலையில் வைத்த விண்கல்லில் ஆல்ஃபா-2 உள்வரை பரவியிருக்கும், படிக எல்லைகளின் வழியே ஆக்சைடு உள்ளே நுழைந்திருக்கும்.

இதே தோல் இன்னொரு கணக்குக்கும் உதவும். ஆல்ஃபா-2 பகுதி சுற்றிலும் முழுதாக இருந்தால், விழுந்த பிறகு மண் தின்றது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே தெரியும் குழிகளை நம்பலாம். எங்கேயுமே இல்லை என்றால் குறைந்தது சில மில்லிமீட்டராவது துருவில் போயிருக்கிறது. அந்தக் கல்லின் குழிகளைப் பார்த்துப் பறந்த விதத்தைப் பேசுவது வீண்.

பார்க்கும் முறை: மேற்பரப்புக்குச் செங்குத்தாக, குழி ஒன்றின் குறுக்கே, மெல்லிய வைர வட்டத்தால், குளிர்நீர் ஓடவிட்டு மெதுவாக அறுக்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் கூடவே கூடாது. அறுத்த முகம் நீலம்பாரித்தால் அங்கேயே போலி ஆல்ஃபா-2 உருவாகியிருக்கும். துண்டை எப்பாக்சியில் பதிக்க வேண்டும். பலர் இதைத் தாண்டிவிடுவார்கள், அங்கேதான் தோற்பார்கள்: பதிக்காமல் தேய்த்தால் ஓரம் மழுங்கிவிடும், நாம் பார்க்க வேண்டியதோ ஓரத்து இரண்டு மில்லிமீட்டரைத்தான். பிறகு சிலிக்கன் கார்பைடு உப்புத்தாளில் 220, 400, 600, 800, 1200 என்ற வரிசையில், ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் மறையும்வரை. அதன் பின் வைரப் பசை 6, 3, 1 மைக்ரான். கழுவி, உடனே எத்தனாலில் முக்கி, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்த வேண்டும். ஈரம் கால் மணி நேரம் நின்றாலே துருப்புள்ளி வரும்.

அரிக்க 2 சதவீத நைட்டல் போதும்: 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலத்தை ஆல்கஹாலில்தான் ஊற்ற வேண்டும், ஆல்கஹாலை அமிலத்தில் அல்ல. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் கட்டாயம். மிஞ்சியதை மூடியிறுக்கிய புட்டியில் சேமிக்கவே கூடாது. வாயு சேர்ந்து வெடிக்கும். அசிட்டோன் பக்கத்திலேயே வரக் கூடாது. பஞ்சில் தொட்டு 10 முதல் 20 நொடி தடவி, கழுவி, 50 அல்லது 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் போதும். விட்மான்ஷ்டாட்டன் கோலம் (அரித்தால் தெரியும் குறுக்கும் நெடுக்குமான படிகப் பட்டைகள்) கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நிமிடக் கணக்கில் அரித்தால் ஆல்ஃபா-2 மணிகள் கருகி ஒன்றாகிவிடும். அலங்காரத் துண்டுக்கு வேண்டிய அரிப்பு வேறு, இதற்கு வேண்டியது வேறு.

வெட்ட முடியாத, வெட்டக் கூடாத கற்கள்தான் அதிகம். அவற்றுக்கு 10 மடங்கு லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும். கல்லை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து வரும்படி திருப்ப வேண்டும். நேர் வெளிச்சத்தில் வழிகோடு எதுவும் தெரியாது. வரப்புகளின் மேல் மயிர்க்கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா? குழியின் அடியிலும் எரிதோல் தொடர்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது வானத்தின் குழி. குழிக்குள் பழுப்புத் துரு அடுக்கு, சுவர் குடைந்து உள்வாங்கியிருக்கிறது, வரப்பு கூராக நிற்கிறது என்றால் மண்ணின் குழி.

மண்ணின் குழிக்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி வில்லமெட். ஓரிகானில் 1902-இல் கண்டெடுத்த 15.5 டன் இரும்பு, நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிளாக்கமஸ் பழங்குடி மக்களுக்கு அது தொமானோவோஸ் என்ற புனிதப் பொருள். அதில் ஆள் உட்காரும் அளவுக்குப் பள்ளங்கள் உள்ளன. அதன் கூம்பு வடிவம் வானம் தந்தது; அந்தப் பெரும்பள்ளங்கள் அப்படியல்ல. மழை மிகுந்த காட்டில் நீண்ட காலம் கிடந்தபோது ட்ரொய்லைட் சிதைந்து கந்தக அமிலமாகி, தேங்கிய நீரோடு சேர்ந்து இரும்பைத் தின்ற இடங்கள் அவை. ஒரே கல்லில் இரண்டு கையெழுத்து. நமீபியாவின் ஹோபா, 60 டன், எடையில் எல்லாவற்றையும் மிஞ்சும். மேற்பரப்பில் படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

போலிகளைப் பற்றி: இரும்புக் கிட்டத்தில் காற்றுக் குமிழித் துளைகள் இருக்கும், இரும்பு விண்கல்லில் அப்படிக் குமிழி கிடையாது. வார்ப்பிரும்புக் கட்டியில் உளியால் குழி செதுக்கியிருந்தால் குழிகள் ஒரே ஆழத்தில் இருக்கும், வழிகோடு இருக்காது. அரத்தால் ஓரத்தில் ஒரு கீற்று உரசி, டைமெத்தில் கிளையாக்சைம் கரைசலும் துளி அம்மோனியாவும் தொட்ட பஞ்சால் தேய்த்தால் நிக்கலுக்கு இளஞ்சிவப்பு வரும். ஆனால் எவர்சில்வருக்கும் வரும் என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறம் வராவிட்டால் தள்ளிவிடலாம், வந்தால் மேலே பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு எரிச்சல். விற்பனைக்கு வரும் சிக்கோட்டே-அலின் கற்கள் பலவும் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பளபளக்கின்றன. துருவை எடுக்கிறேன் என்று மின்சார வயர் பிரஷ் போட்டு, மேலே எண்ணெய் தடவியிருக்கிறார்கள். குழி தப்பியிருக்கும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எரிதோலும், அதன் மேலிருந்த வழிகோடுகளும் போயே போய்விட்டன. உடைந்த முகங்களின் வயது வேறுபாட்டையும் அதோடு மழுக்கிவிடுகிறார்கள். கையில் வந்த கல்லில் நீலக்கறுப்பு எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கே பிரஷ் வைக்காதீர்கள். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மெல்லிய நைலான் தூரிகையால் அழுக்கை மட்டும் எடுத்து, முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். கடலோர ஊர்களில் ஜெல் சீக்கிரம் நிறைந்துவிடும். நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தி, ஆறவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.